உத்தரணித் தண்ணீர்

முதல் திருகாணி எளிதாகவே கழன்று வந்துவிட்டது. அதுதான் சங்கரலிங்கத்துக்குப் பயத்தைக் கிளப்பியது. எளிதாக வருகிற எதையும் அவர் நம்பியதில்லை. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், பிழையே இல்லாமல் வந்த பக்கத்தைத்தான் இரண்டாம் தடவை படிப்பார். பிழை எங்கேயோ ஒளிந்துகொண்டு தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தோன்றும். சாப்பாட்டு மேசையில் ஈரிழைத் துண்டை விரித்து அதன்மேல் மடிக்கணினியைக் குப்புறப் போட்டிருந்தார். மடிக்கணினி என்று பெயரே தவிர இந்த வீட்டில் அது யார் மடியிலும் உட்கார்ந்ததில்லை, இதே மேசையில்தான் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும். இரண்டாவது திருகாணியும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடை தூங்கிக்கொண்டிருந்தாள். ஆடி மாதத்து அறுவையில், புற்று வந்த குரல்வளையை எடுத்த நாளிலிருந்து அவளுக்கு மூச்சு மூக்கு வழியாக இல்லை, கழுத்தில் இருக்கும் துளை வழியாக. உஸ் என்று உள்ளே போகும், கொஞ்சம் ஈரமான சத்தத்தோடு வெளியே வரும், ஓட்டைப் புல்லாங்குழலை யாரோ துடைத்துத் துடைத்து ஊதிப் பார்ப்பதுபோல. வீட்டில் எங்கே இருந்தாலும் அவர் காது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போதும் உஸ், ஈரம், உஸ், ஈரம். தூங்குகிறாள். எழுந்துவிடக் கூடாது. எழுந்து வந்து, குப்புறக் கிடக்கும் இதையும் அவர் கையில் இருக்கும் திருப்புளியையும் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தார். சொல்ல மாட்டாள், அவளால் சொல்ல முடியாது, சொல்ல வேண்டியதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று உடனே நினைவு வந்தது. மூன்றாவது திருகாணியின் தலையில் திருப்புளி வழுக்கியது.

காலையில் சரஸ்வதி பூஜை. எல்லா வருஷமும் ஆவுடைதான் செய்வாள். சாமிப் படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, அரிவாள்மணை, கத்தரிக்கோல், இவருடைய பழைய சிவப்புப் பென்சில்கள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு பிச்சிப்பூவின் காம்பைத் தண்ணீரில் தொட்டு, தெளித்தாளா இல்லையா என்று தெரியாதபடி தெளித்துவிட்டுப் போய்விடுவாள். இந்த வருஷம் சாம்பிராணிப் புகை கழுத்துத் துளைக்கு ஆகாது என்பதால் அவளை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இவரே செய்தார். செய்தால் முறையாகச் செய்ய வேண்டாமா. பஞ்சபாத்திரத்தைத் தேடி எடுத்தார், அதற்குள் கிடக்கும் சின்னக் கரண்டி, உத்தரணி, அதைப் புளி போட்டுத் தேய்த்தார். நாமகளுக்கு உரியது வாக்கு, ஆவுடையின் வாக்கு முழுக்க இந்தக் கணினிக்குள் இருக்கிறது, ஆகவே மற்ற எதையும்விட இதற்குத்தான் மரியாதை என்று, புத்தக அடுக்கின் உச்சியில் அதைத் திறந்தே வைத்தார், எழுத்துகள் அம்பாள் கண்ணில் பட வேண்டுமாம். அட்சதை போட்டார். உத்தரணி நிறையத் தண்ணீர் எடுத்து ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை, சாஸ்திரம் மூன்று என்கிறது என்று மூன்றாவது தடவையும். தெளிக்கவில்லை, வார்த்தார். தண்ணீர் எழுத்துகளுக்கு நடுவே மினுமினுத்தது, பார்க்க லட்சணமாகவே இருந்தது, பிறகு காணாமல் போய்விட்டது. அது எங்கே போயிற்று என்று யோசிக்கும் புத்தி அப்போது வரவில்லை. இலை போட்டுச் சாப்பிட்ட பிறகு, ஆவுடை படுத்த பிறகு வந்தது. ஓடிப்போய் விசையை அழுத்தினார். மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது, அணைந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் திறப்பார் என்ற நம்பிக்கையில் தட்டிக்கொண்டே இருப்பவனைப்போல.

இசக்கிராஜிடம் போனில் சொன்னபோது அவன் முதலில் கேட்டது அதைத்தான். தெற்குக் கடைவீதியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன், எப்போதும் பொறுமையாகப் பேசுகிறவன். பட்டனை அமுக்கினீங்களா என்றான். அமுக்கினேன் என்றார். எத்தனை தடவை என்றான். எண்ணவில்லை என்றார். அப்போதே எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. ஆஸ்பத்திரியில் படத்தை விளக்கில் தூக்கிப் பார்த்த டாக்டரும் இதே அளவு மூச்சைத்தான் விட்டார். உடனே எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றார் சங்கரலிங்கம். "அண்ணாச்சி, இன்னிக்கு ஆயுதபூஜைலா. ஸ்க்ரூ டிரைவர்லருந்து சால்டரிங் வரைக்கும் எல்லாம் சாமி முன்னால பொட்டு வச்சுக் கிடக்கு. நாளைக்கு மறுபூஜை பண்ணாம நான் எதையும் தொட மாட்டேன். நான் மட்டுமில்ல, இந்த ஊர்ல ஒருத்தனும் தொட மாட்டான்." நாளைக்கு வரை தாங்குமா என்றார். பேட்டரி உள்ளே இருக்கும் வரை ஈரம் பட்ட இடத்தில் கரண்டு தின்றுகொண்டே இருக்கும் என்றான் அவன். தின்றுகொண்டே. அந்தச் சொல்லை அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. பிறகு அவன் வழி சொன்னான்: பின்மூடியைக் கழற்று, பேட்டரி வயரைப் பிடுங்கு, துடை, காய வை, அரிசி டப்பாவுக்குள் மட்டும் போட்டுவிடாதே. திருகாணிகளை எடுத்த இடப்படி வை, நீளமானது குட்டையானதின் இடத்துக்குப் போனால் பலகையைக் குத்திவிடும். எல்லாத்துக்கும் காப்பி எடுத்து வச்சிருப்பீங்களே, அப்புறம் என்ன பயம் என்று முடித்தான். சங்கரலிங்கம் ஆமாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். வைத்த பிறகு, எதற்கு ஆமாம் என்று சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. இசக்கிராஜ் என்ன ஆவுடையா, அவனிடம் எதற்குப் பொய். வீட்டுத் திருப்புளியும் சாமி முன்னால்தான் இருந்தது, நெற்றியில் குங்குமத்தோடு, ரொம்ப நல்ல பிள்ளையாக. எடுக்கும் முன் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம்பிக்கை இல்லாதவர்தான் அவர், கல்லூரி நாளிலேயே அதையெல்லாம் விட்டாயிற்று. ஆனால் நம்பாத ஒன்றை முறைப்படி செய்யத் தெரிந்தவனுக்கு அதை மீறும்போதும் முறைப்படியே பயம் வந்துவிடுகிறது.

காப்பி இல்லை. அதுதான் விஷயம், எந்தப் பக்கம் சுற்றினாலும் நினைப்பு அங்கே வந்துதான் முட்டியது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், குரல் போவதற்கு முன்னால் அம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு அவர்கள் தட்டச்சு செய்வதை அவர்கள் குரலிலேயே கணினி பேசும்படி செய்யலாம் என்று சொல்லியிருந்தாள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசச் சொல்லுங்கள் சார், சும்மா, இயல்பாக. இயல்பாக என்ற சொல்லை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. என்றென்றைக்கும் இருக்கப் போகிற குரல், அதில் கொச்சை இருக்கலாமா, விகுதி விழுங்கலாமா. வாக்கியங்களை அவரே எழுதினார். எனக்குத் தண்ணீர் வேண்டும். விளக்கை அணைத்துவிடுங்கள். மருந்து உட்கொள்ளும் நேரம் ஆகிவிட்டது. உட்கொள்ளும் என்ற இடத்தில் ஆவுடை சிரித்துவிட்டாள். நான் என்னிக்குங்க உட்கொண்டேன், முழுங்கத்தான் செய்வேன் என்றாள். அந்தச் சிரிப்பு பதிவாகிவிட்டதால் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி, மறுபடி. அப்போதே குரல் கரகரத்துப் போயிருந்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மிடறு வெந்நீர் குடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ழகரத்துக்கு நாக்கை மடித்துக்கொண்டு. நகல் எடுக்கலாம் என்று அப்போதே ஒருவர் சொல்லத்தான் செய்தார், பக்கத்து வீட்டு வங்கிக்காரர். இவருக்குப் பொறுக்கவில்லை. நகல் என்றால் பாடவேறுபாடு. இரண்டு பிரதி இருந்தால் இரண்டிலும் வெவ்வேறு பிழை இருக்கும், எது மூலம் எது படி என்று பின்னால் சண்டை வரும், எத்தனை பழைய நூல்கள் அப்படிச் சீரழிந்திருக்கின்றன. எல்லாம் திருத்தி முடித்து, ஒரு பிழையில்லாத செம்பதிப்பு. அதை நகல் எடுத்தால் போதும். உலகத்தில் வேறு யாராவது இந்தக் காரணத்துக்காக நகல் எடுக்காமல் இருந்திருப்பார்களா. எஞ்சிய திருகாணி எங்கே? ஓரங்களில் எல்லாம் எடுத்தாயிற்று, மூடி இன்னும் அசையவில்லை. ரப்பர் கால்களில் ஒன்றைப் பிய்த்தார், அதற்குக் கீழே இருந்தது, இருட்டில் பதுங்கிய பூச்சிபோல. இது மட்டும் நீளம். தனியாக வைத்தார், ஒரு காகிதத்தில் படம் போட்டு, இது இங்கே என்று அம்புக்குறி இட்டு. பழைய வங்கி அட்டையை மூடியின் விளிம்பில் செருகி நெம்பினார். டக் என்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற சத்தம் என்று நினைத்தார். அடுத்த அறையில் மூச்சு நின்றது.

நின்றது என்று நினைத்தார். உஸ் வந்தது, ஈரம் வரவில்லை. அப்புறம் கட்டில் மரத்தில் ஒரு தட்டு. ஆவுடையின் மோதிரம். தட்டுகளுக்கு இலக்கணம் வகுத்ததும் இவர்தான்: ஒன்று என்றால் ஆம், இரண்டு என்றால் இல்லை, மூன்று என்றால் இங்கே வாருங்கள். வகுத்த முதல் நாளே அதில் இருக்கிற ஓட்டை தெரிந்துபோயிற்று. ஒரு தட்டு விழுந்தவுடன் அது ஆம்தானா என்று தெரியாது. இரண்டாவது வருகிறதா என்று காத்திருக்க வேண்டும், இரண்டாவது வந்தால் மூன்றாவதுக்கும் காத்திருக்க வேண்டும். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த இடைவெளியில் அவர் இந்தச் சில மாதங்களாகக் குடியிருந்து வருகிறார். மாற்றியிருக்கலாம், வகுத்ததை மாற்ற மனம் வரவில்லை. இப்போது ஒன்று. காத்திருந்தார். இரண்டாவது இல்லை. ஆம் என்கிறாள். எதற்கு ஆம்? யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? ஆம். உன் குரலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். ஆம். மெதுவாக எழுந்து போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். தூக்கத்தில் கை சரிந்து மோதிரம் மரத்தில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிந்து வெளியே பூரித்தது. அது நாலைந்து தடவை குழிந்து பூரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

மூடியைத் தூக்கினார். உள்ளே இப்படி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏதோ ஒன்று நடுவில் இருக்கும், இதுதான் உயிர் என்று கையைக் காட்டும்படி. அப்படி எதுவும் இல்லை. பச்சைப் பலகை, அதில் அரிசிக் குருணைபோல எதை எதையோ ஒட்டியிருந்தார்கள், ஓரத்தில் செப்புக் குழாய் ஒன்று வளைந்து போனது, கீழ்ப்பாதி முழுவதும் கறுப்பு மெத்தைபோல பேட்டரி. ஒரு மூலையில் சின்ன விசிறி. அதன் இதழ்களுக்கு நடுவில், மஞ்சள் பூசி, முனை முறியாமல், ஓர் அட்சதை. ஆசீர்வாதம். காதுக்குச்சியால் அதை வெளியே எடுத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோயிற்று, ஏனென்றால் அதற்கு அந்தப் பக்கம் பலகையின் மேல் தண்ணீர் இருந்தது. ஒரு துளிதான், பெரிய துளி, கண்ணீர் என்று எழுதினால் சிவப்புப் பென்சிலால் அவரே அடித்திருப்பார். பேட்டரி வயர், இசக்கிராஜ் சொன்ன அதே இடத்தில், நகத்தால் நெம்பினார், வரவில்லை, நெம்பினார், வந்தது. இனிமேல் தின்னாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார், முழுக்க எடுத்தாச்சு, இனிமே பரவாது, கவலைப்படாதீங்க. எடுத்ததைக் காட்டவும் செய்தார். வெள்ளைத் தட்டில், காஸ் துணியில், இவ்வளவுதான் இருந்தது. இவ்வளவுக்குள்ளா உட்கார்ந்து அத்தனை வருஷம் ஏசினாள், பால்காரனோடு சண்டை போட்டாள், தொட்டில் பிள்ளைகளுக்கு ராராட்டினாள்? இதோ இதுவும் அந்த அளவுதான், மிட்டாய்ப் பட்டைபோல நீளமாக, ஒரு சின்னத் திருகாணியில் பலகையோடு ஒட்டியிருக்கிறது, இதில்தான் எல்லாமே பதிந்திருக்கும் என்று இசக்கிராஜ் சொன்னான். அதற்குக் கீழே ஈரம் போயிருக்கிறதா? கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எடையே இல்லை. ஒரு விளிம்பில் மட்டும் நீர் காய்ந்த வெள்ளைத் தடம். ஆவுடையின் கழுத்தைத் துடைக்கிற காஸ் துணிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அவளுக்குத் துடைப்பதைப்போலவே ஓரத்திலிருந்து நடுவுக்கு வராமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தார்.

மேசை விசிறியைத் திருப்பி வைத்தார். காயட்டும். காய்கிற நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால் நினைப்பு, அவர் போக விடாமல் மறித்து வைத்திருந்த இடத்துக்குப் போய்விட்டது. செம்பதிப்புப் போனால் போகட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அது அவரைத் திடுக்கிட வைத்தது. போகட்டும், எனக்குத் தண்ணீர் வேண்டும் போகட்டும், மருந்து உட்கொள்ளும் நேரம் போகட்டும். அவர் பயந்தது அதற்கில்லை. தவறான பதிவுகளை எல்லாம் கணினியில் தனியே ஒரு கோப்புறையில் ஒதுக்கி, பிழை என்று பெயர் கொடுத்து வைத்திருந்தார். சிரித்துவிட்டது, இருமியது, வாக்கியத்தின் நடுவில் அடுப்பில பால் இருக்கு என்று எழுந்து ஓடியது, உங்க ழகரத்தை நீங்களே வச்சுக்கிடுங்க என்றது. முடிந்ததும் அழித்துவிடலாம் என்று இருந்தார். அழித்தாரா? போன வாரம் ஒருநாள் மேசையைச் சுத்தம் செய்கிற மாதிரி கணினியையும் சுத்தம் செய்தார். வேண்டாததை எல்லாம் அழித்தது நினைவிருக்கிறது. உறுதியாக அழிக்கவா என்று அது கேட்டது, ஆம் என்று அழுத்தியது நினைவிருக்கிறது. எதை அழித்தபோது கேட்டது என்பது நினைவில்லை. மின்கட்டண ரசீதுகளா? ஆம். பேரன் அனுப்பிய படங்கள், அவை இரண்டு தடவை வந்திருந்தன, ஆம். அப்புறம்? அப்புறம் விரல் இன்னொரு தடவை போகிறது, அந்த இடத்தில் நினைவு நனைந்த காகிதம்போலக் கிழிந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. ரசீதுகள், ஆம். படங்கள், ஆம். விரல் போகிறது. குப்பைத்தொட்டியையும் காலி செய்கிற மனிதர் அவர், ஊருக்கே தெரியும்.

நாளை வரை காயட்டும் என்றுதான் இசக்கிராஜ் சொன்னான். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்குப் போனதும் அவரால் முடியவில்லை. பட்டையைச் செருகினார். பேட்டரி வயரை மாட்டினார். மூடியை வைத்துத் திருகாணிகளை அம்புக்குறிப்படி ஒவ்வொன்றாக இறக்கினார். நீளமானது கையில் வந்தபோது காகிதத்தைத் தலைகீழாக வைத்துப் பார்க்கிறோமோ என்று சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும் மறுபடி கழற்றி மறுபடி இறக்கினார். நிமிர்த்தினார். விசையை அழுத்தினார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு உள்ளே உஸ் என்று ஒரு மூச்சு. அடுத்த அறையிலிருந்து வந்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். அங்கேயிருந்தும் வந்தது, இங்கேயிருந்தும் வந்தது. திரை வெளுத்தது. கடவுச்சொல் கேட்டது, தப்பாக அடித்தார், சரியாக அடித்தார். பிழை என்ற கோப்புறையைத் தேடினார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கீழிருந்து மேலாகப் பார்த்தார், மெய்ப்பில் அப்படிப் படித்தால் தப்பாது. குப்பைத்தொட்டியைத் திறந்தார். துப்புரவாக இருந்தது.

ஆக, அழித்திருக்கிறார். இந்தத் தண்ணீருக்கு முன்னாலேயே அழித்திருக்கிறார், தண்ணீர் பாவம், அது எதையும் தொடவே இல்லை. கை தானாக, சரியானவை வரிசையாக நிற்கும் இடத்தில் கடைசியாக இருந்ததைத் திறந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின சாயங்காலம் பதிவு செய்தது. ஒலியை இவ்வளவு உரக்க வைத்திருந்தது அவருக்கே தெரியாது. எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றது ஆவுடையின் குரல், கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தும் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல. சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். தம்ளரை எடுக்கப் போன கையோடு பாதி வழியில் நின்றார். அடுத்த அறையில் மூச்சின் சத்தம் மாறியது, கட்டில் முனகியது, கால்கள் தரையைத் தேடின. அறுவைக்குப் பிறகு அவள் இந்தப் பதிவுகளைக் காதால் கேட்டதே இல்லை. போட்டுக் காட்டவா என்று இவர் கேட்டால், வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டுத் தட்டிவிடுவாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி கலைந்திருந்தது. கூடத்தைப் பார்த்தாள், முன்கதவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து உதடுகளை மட்டும் அசைத்தாள். யாரு வந்திருக்கா?

கேலி செய்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. குரல் இருந்தால் தெரிந்திருக்கும். பதிவை நிறுத்த மறந்து நின்றார். அது மௌனமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாப் பதிவுகளுக்கும் வாக்கியம் முடிந்த பிறகு வருகிற வாலை வெட்டியவர், அந்தச் சாயங்காலம் பெட்டி கட்டுகிற அவசரத்தில் இதற்கு வெட்டவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. வெந்நீர்த் தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது. பிறகு அந்தக் கரகரத்த குரல், எந்த மடிப்பும் இல்லாமல்: "போதும்லா? ஒரு வாய்த் தண்ணி கேக்கதுக்கு மனுசி இந்தப் பாடா படணும்? நீங்க ஒருத்தரு. எந்திச்சு வாங்க, ரசம் ஆறிப் போச்சு." அதற்கு மேல் அவருடைய குரலே, அவருக்கு எப்போதும் பிடிக்காத மூக்கடைத்த குரல்: "கடைசி எழுத்து சரியா விழல, ஆவுடை. இன்னும் ஒரே ஒரு தடவை." அத்தோடு முடிந்தது. கணினி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் கழுத்துத் துணி அசையாமல் இருந்தது, பிறகு சட்டென்று உள்ளே குழிந்தது. அவள் கண் அவர்மேல் இல்லை, திரைமேலும் இல்லை, ரசம் ஆறிப்போன அந்த மேசைமேல் எங்கேயோ இருந்தது. சங்கரலிங்கம் பயத்தோடு, எழுதி வைக்காமல், திருத்தாமல் கேட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை போடட்டா?"

மோதிரம் நிலையில் ஒரு தடவை விழுந்தது. அவர் இரண்டாவது தட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.